கோதண்டபாணியின் ஈயச் சீல்

கோதண்டபாணி முதலாளி நாசமாகப் போக வேண்டும் என்று ஐந்து வருஷம் காமாட்சியை வேண்டிக்கொண்டவள் நான். கோயிலுக்குள் போய் வேண்டவில்லை. தினமும் காலையில் வெள்ளைகேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, காஞ்சிபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வேண்டுவேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பொறுத்தவர்கள் ஆண்ட பூமியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரான தாமலில் பொறுத்தவர்கள் எல்லாரும் அடுத்தவன் பூமியில்தான் நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் பட்டம்மாள். வீட்டுக்காரர் சின்னப்பையன். மெட்ராஸில் வெளிநாட்டு வண்டிகள் பழுது பார்க்கும் ஷெட்டில் எட்டு வருஷம் இருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் கோதண்டபாணி அங்கே ஓர் ஏலத்தில் பழைய அமெரிக்கா வண்டி ஒன்றை எடுத்தார். யாரோ ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. தெருவை அடைத்துக்கொண்டு வரும். கிளட்சு கிடையாது, கையால் கியர் மாற்றும் வேலை கிடையாது, வண்டியே மாற்றிக்கொள்ளும். அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் இந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அதனால்தான் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை முதலாளி எங்கள் சாதிக்காரரை டிரைவராக வைத்துக்கொண்டார். இல்லையென்றால் கடைப்படி ஏற விட்டிருப்பாரா?

அந்த வண்டியின் கியர்பெட்டியில் எண்ணெயை வடிகட்டும் சல்லடையை இவர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் மண்ணெண்ணெயில் கழுவித் தருவேன். கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். மற்ற புருஷர்கள் பெண்டாட்டியிடம் நகை பற்றிப் பேசுவார்கள், சண்டை பற்றிப் பேசுவார்கள். இவர் எண்ணெய் பற்றிப் பேசுவார்.

"மத்த வண்டியில இரும்புதான் இரும்ப இழுக்குது பட்டம்மா. இதுல எண்ணெ இழுக்குது. எண்ணெதான் இதுக்குக் கை. கை சுட்டுப்போச்சின்னா அப்பறம் இன்னாத்த இழுக்கும்?"

புது எண்ணெய் மாதுளம்பழ முத்து நிறத்தில் இருக்கும். சூடு தாங்காமல் போனால் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், அடிப்பிடித்த பால்போல் நாறும். அந்த எண்ணெய், முன்னால் இருக்கும் ரேடியேட்டரின் அடிப்பக்கம் போய்க் குளிர்ந்துவிட்டுத்தான் திரும்பி வரும். ஆகவே வண்டியின் மூக்கில் காற்றுப் பட வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் காற்றுப் படாது. நிற்கும்போதெல்லாம் நியூட்ரலில் போட வேண்டும். எண்ணெய் அளவைச் சூடாக இருக்கும்போதுதான், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இவ்வளவும் எனக்குச் சல்லடை கழுவியே தெரியும்.

கோதண்டபாணிக்குத் தெரிந்தது வேறு. நெசவாளிக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார்; புடவையாக வந்ததும் நிறுத்து வாங்குவார். ஜரிகைப் பெட்டிக்குக் கம்பி கட்டி, ஈயத்தை வைத்து, 'கோ' என்று எழுத்து விழுகிற குறட்டால் நசுக்கிச் சீல் வைப்பார். உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் திருடர்கள் என்பதுதான் அவருடைய மதம். வாடிக்கைக்காரர்களிடம் அடிக்கடி ஒரு வாக்கியம் சொல்வார்: "நல்ல சாயம் மாறாது. நெறம் மாறிச்சின்னா சரக்கு மாறிச்சின்னு அர்த்தம்." பட்டுக்கு அது சரி. அந்த ஒரு வாக்கியத்தால்தான் என் புருஷன் கெட்டார்.

அறுபத்தேழு வைகாசியில் கோதண்டபாணியின் மகனுக்குக் கல்யாணம். பிள்ளையார் கோயிலிலிருந்து ராஜ வீதிகளைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம். ஊரே பார்க்கும், அப்படிப்பட்ட இடத்தில் பட்டுக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? வண்டியின் முன்பக்கம் முழுவதும் மயில்கழுத்துப் புடவை ஒன்றை முந்தானை தெரியும்படி விரித்துக் கட்டச் சொன்னார். அதன்மேல் ஆள் பருமனுக்கு மாலை. வண்டிக்கு மூக்கும் இல்லை, மூச்சும் இல்லை.

"மொதலாளி, முன்னால மட்டும் வோணாங்க. சூடு ஏறிப்பூடும்" என்று இவர் கெஞ்சியிருக்கிறார்.

"பொடவைய பின்னால கட்டினா எவன்டா பாப்பான்? ஓட்டுடா" என்றாராம்.

நாதஸ்வரத்துக்குப் பின்னால் மூன்று மணி நேரம். வாசலுக்கு வாசல் ஆரத்தி. ஆரத்திக்கு நிற்கும்போது நியூட்ரலில் போட்டால் எஞ்சின் சத்தம் உறுமுகிறது, மேளம் கேட்கவில்லை என்று அதையும் திட்டி நிறுத்திவிட்டார். மேற்கு ராஜ வீதி திரும்பும் முனையில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. மாப்பிள்ளை இறங்கி நடக்க வேண்டியதாகிவிட்டது. அபசகுனம் என்று கிழவிகள் முணுமுணுத்தார்கள்.

கோதண்டபாணி எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, உருவச் சொன்னார். உருவிக் கொடுத்தவன் அவருடைய பங்காளி மகன் தணிகாசலம். எண்ணெய் கறுப்பாக இருந்தது. கோதண்டபாணி அதை விரலில் தொட்டு எல்லாருக்கும் காட்டினார். "நான் வாங்கிக் குடுத்தது செவப்பு எண்ணெ. இது கறுப்பு. நல்ல சரக்க வடிச்சி வித்துட்டு, லாரிக் கழிவ ஊத்தி வெச்சிருக்கான் திருட்டுப் பய!"

"அளவப் பாருங்க மொதலாளி! ஒரு சொட்டு எடுத்திருந்தா அளவு கொறையுமே! அளவப் பாருங்க!" என்று இவர் கத்தினார். நூலிழையைக்கூட நிறுத்து வாங்குகிற மனுஷர் அன்றைக்கு அளவைப் பார்க்கவில்லை.

வண்டி பம்பரிலேயே இவரைக் கட்டினார்கள். வண்டிக்கு அடியிலிருந்து அந்த எண்ணெயை வடித்து, சூட்டோடு தலையில் ஊற்றினார்கள். ஊற்றியவர் கோதண்டபாணியேதான். அது வலது காதுக்குள் இறங்கியது. நான் தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தவள், எல்லாவற்றையும் ஓரமாக நின்று பார்த்தேன். ஓடிப்போய் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பயந்தேன். அந்தப் பயத்துக்காகவும் சேர்த்துத்தான் அவரை நான் சபித்தேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் இவரிடம் வண்டியைக் கொடுக்கவில்லை. எண்ணெய்த் திருடன் என்று பெயர். தாமலுக்குத் திரும்பி, ஏரிக் கால்வாய் தூர்வாரும் கூலிக்குப் போனார். வலது காது போய்விட்டது. அதைவிட மோசம், ரோட்டில் லாரி போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முன்பெல்லாம் சத்தத்தைக் கேட்டே எந்த லாரிக்கு என்ன நோய் என்று சொல்வார். இப்போது எண்ணெய் என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. எனக்குப் பணம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். 'சின்னப்பையன் திருடவில்லை' என்று கோதண்டபாணி தன் வாயால், அதே ராஜ வீதியில், அதே ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

வெள்ளைகேட்டில் அப்பாதுரை அண்ணன் ஷெட் வைத்திருந்தார். பட்டாளத்தில் வண்டி பார்த்தவர். இவரை வேலைக்குக் கூப்பிட்டார், இவர் போகவில்லை. நான் போனேன், சாமான் கழுவ. நான் யார் பெண்டாட்டி என்பது அண்ணனுக்குத் தெரியும். கோதண்டபாணிக்குத் தெரியாது. எங்கள் முகங்களைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

எழுபத்திரண்டு வைகாசியில் அந்த வண்டி எங்கள் ஷெட்டுக்குள்ளேயே வந்து நின்றது. ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்று நான் அன்றைக்குத்தான் நம்பினேன். ஓட்டி வந்தவன் தணிகாசலம்; பின்சீட்டிலிருந்து கோதண்டபாணி இறங்கினார். மெட்ராஸில் கியர்பெட்டியை ஒரு தரம் மாற்றியிருந்தார்கள். இப்போது அதுவும் வழுக்குகிறது. ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி நகரவில்லை. பத்து நாளில் கோதண்டபாணியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வாலாஜா பக்கம், லாரிக்காரர் தர்மனுடைய மகன். அதே வண்டியில் ஊர்வலம்.

அண்ணன் கீழே படுத்து, கியர்பெட்டியின் எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினார். நான்தான் கழுவினேன். சட்டிக்கு அடியில் கறுப்புப் பொடி, விரலால் வழித்தால் மைபோல் வந்தது. எனக்கே புரிந்தது: உள்ளே தகடுகள் தேய்ந்துவிட்டன.

"பொட்டிய எறக்கிப் பிரிக்கணும்ங்க. ஒரு மாசம் ஆவும்" என்றார் அண்ணன்.

"கல்யாணத்துக்கு வண்டி வோணும்யா. எண்ணெய மாத்திக் குடு, போதும். ஆனா ஒண்ணு சொல்றேன், போன வாட்டி ஒரு திருட்டுப் பய எண்ணெய வித்துட்டு என் மானத்த வாங்கிட்டான். தோல உரிச்சேன். நீ ஒழுங்கா இருந்துக்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். என் கையில் சல்லடை இருந்தது. அதை அந்த மண்டையில் எறிந்திருப்பேன். ஆனால் எறிந்தால் ஒரு காயம், ஒரு நாள் பேச்சு, அவ்வளவுதான். சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குரலைக் குழைத்துச் சொன்னேன்.

"மொதலாளி, நாளைக்கு எங்க மேல பழி வரக்கூடாது பாருங்க. எண்ணெய நீங்களே மெட்ராஸ்ல வாங்கியாங்க. நீங்களே ஊத்துங்க. ஜரிகப் பொட்டிக்கு வெக்கிறீங்களே, அந்த மாரி சீல் வெச்சிடுங்க. அப்பறம் எவன் தொடுவான்?"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்தும் தெரியவில்லை. "சாமான் கழுவுற பொம்பளைக்கு இருக்குற புத்தி உனக்கில்லியே அப்பாதுரை!" என்று சிரித்தார். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு வாயை நான் திறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் டின்களோடு வந்தார். மூடியைத் தானே உடைத்தார். எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே ஊற்றினார். எண்ணெய் மாதுளை நிறத்தில் இறங்கியது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வாசனை வந்தது. அண்ணன் டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டெடுத்து அளவு பார்த்தார். மேல்கோட்டில் சரியாக நின்றது. கோதண்டபாணி கோட்டைப் பார்க்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தார். "ரத்தம் மாரி இருக்குது" என்று திருப்திப்பட்டார். பிறகு டிப்ஸ்டிக் மூடிக்கும் அடியில் சட்டிப் போல்ட்டுக்கும் கம்பி கட்டி, ஈயம் வைத்து, குறட்டால் நசுக்கினார். இரண்டு இடத்திலும் 'கோ' என்று விழுந்தது. ஷெட்டில் இருந்த நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். சாட்சி வைக்கிறாராம். வைக்கட்டும் என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

அவர் போனதும் அண்ணன் என்னிடம் சொன்னார். "பட்டம்மா, தணிகாசலம் தண்ணி குடிச்சிக்கினு இருக்கான் பாரு, போய்ச் சொல்லிட்டு வந்துடு. வண்டிக்கு முன்னால துணி, பூ ஒண்ணும் கட்டக்கூடாது. நிக்கசொல்ல நியூட்ரல்ல போடணும். இந்தப் பொட்டி சூடு தாங்காது."

போனேன். தணிகாசலம் சொம்பை வைத்துவிட்டு என்ன என்பதுபோல் பார்த்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவிக் கொடுத்த கை அது.

"வண்டிய நல்லா சோடிக்கச் சொன்னாரு அண்ணன். எங்க ஷெட்டு சார்பா நான் ஒரு மால கட்டியாரேன்" என்றேன்.

திரும்பி வந்து அண்ணனிடம், "சொல்லிட்டேண்ணா" என்றேன். பொய்தான். என் ஆயுசில் அவரிடம் சொன்ன ஒரே பொய்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இவரிடம் சொன்னேன். "சாயந்தரம் ஊர்வலத்துக்கு ராஜ வீதிக்கு வரணும்."

"அங்க நான் கால் வெக்க மாட்டேன்னு தெரியுமில்ல?"

"வரலேன்னா நான் இந்த வூட்டுக்குத் திரும்ப மாட்டேன்."

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். என்ன நடக்கப்போகிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேரே போய் அந்த மாலையை அவரே அவிழ்த்திருப்பார். வண்டியைச் சாகவிடுகிற மனசு அவருக்குக் கிடையாது. எனக்கு உண்டு.

பிள்ளையார் கோயிலடியில் வண்டி நின்றது. முன்பக்கம் அரக்குச் சிவப்பில் ஒரு புடவை விரித்துக் கட்டியிருந்தார்கள், கை அகலம் ஜரிகை. நான் கொண்டுபோன மாலை சம்பங்கியும் அரளியும் மருக்கொழுந்தும் சேர்த்துக் கட்டியது. ஒரு ராத்திரி ஒரு பகல் வேலை. "தொடாம தள்ளி நின்னு கட்டு" என்றான் தணிகாசலம். தள்ளி நின்றே கட்டினேன். ஈ நுழைய இடம் விடவில்லை.

நாலரை மணிக்கு மேளம் கிளம்பியது. கத்திரி கழிந்தும் வெயில் தணியவில்லை. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. நான் கூட்டத்தோடு கூட்டமாக வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தேன். நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முனையிலும் நின்று ராகம் இழுத்தார். இழுங்கள் ஐயா, நன்றாக இழுங்கள் என்று மனசுக்குள் அவரை வாழ்த்தினேன். ஆரத்தி, மறுபடி ஆரத்தி. தணிகாசலம் பிரேக்கிலேயே காலை வைத்து நின்றான், ஒரு தரம்கூட நியூட்ரல் இல்லை. வடக்கு ராஜ வீதி வரும்போதே எனக்கு வாசனை வந்துவிட்டது. சம்பங்கி, மருக்கொழுந்து, சாம்பிராணி எல்லாவற்றுக்கும் அடியில், அடிப்பிடித்த பால். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இவரைப் பார்த்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கும் வந்துவிட்டது.

மேற்கு ராஜ வீதியில், பழைய இடத்துக்கு நூறு அடி முன்னாலேயே, ஒரு சோடாக்கடை வாசலில் வண்டி நின்றது. எஞ்சின் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை. புடவைக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. மேளம் தானாக ஓய்ந்தது.

கோதண்டபாணி இறங்கிப் பாய்ந்தார். ஊர்வலத்தின் கடைசியில், வண்டியின் முன்பக்கம் தெரியாமல் வந்துகொண்டிருந்த அப்பாதுரை அண்ணனின் சட்டையைப் பிடித்தார். "இன்னாத்தய்யா ஊத்தின?"

"ஊத்தினது நீங்க. சீலும் உங்களுது" என்றார் அண்ணன்.

மாப்பிள்ளையின் அப்பா தர்மன் முன்னால் வந்தார். லாரி வைத்திருப்பவர், பானட்டைத் தூக்கத் தெரிந்தவர். புடவையையும் மாலையையும் ஒரே இழுப்பில் தள்ளிவிட்டுத் திறந்தார். ஈயச் சீல் அப்படியே இருந்தது. 'கோ' என்ற எழுத்தை அவரே எல்லாரும் கேட்கும்படி படித்தார். பிறகு கம்பியை அறுத்து டிப்ஸ்டிக்கை உருவினார்.

கறுப்பு. நுனியிலிருந்து சொட்டியது.

கோதண்டபாணியின் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் அந்த வாக்கியம் வந்தது. "நெறம் மாறிச்சின்னா சரக்கு மாறிச்சின்னு அர்த்தம் சம்பந்தி! எவனோ எடுத்துட்டான்!"

"எவன் எடுத்தான்? வண்டி உங்க வூட்ல, சாவி உங்க இடுப்புல, சீலும் உங்களுது. எடுத்திருந்தா நீங்கதான் எடுத்திருக்கணும்" என்றார் தர்மன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் முன்னால் போனேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஓரமாக நின்றது போதும்.

"அளவப் பாருங்க" என்றேன்.

கோதண்டபாணி திரும்பினார். "நீ யாருடி?"

"ஷெட்டுல சாமான் கழுவுறவ. அஞ்சு வருசத்துக்கு முன்ன இதே தெருவுல, அளவப் பாருங்க அளவப் பாருங்கன்னு ஒருத்தரு கத்தினாரே, அவரு பொண்டாட்டி. எண்ணெய எடுத்தாங்களா, சுட்டுக் கறுத்துதான்னு அளவு சொல்லிடும். பாக்கத் தெரிஞ்சவரு இதோ நிக்கிறாரு."

போய் இவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வரமாட்டேன் என்று கை சொன்னது, கால் வந்தது. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கையும் மறுக்கவில்லை. தணிகாசலத்தைப் பார்த்து, "பார்க்கிங்ல போடு. எஞ்சின நிறுத்தாத" என்றார். அந்தக் குரலைக் கேட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தணிகாசலம் மறுபேச்சில்லாமல் போட்டான். தர்மன் டிப்ஸ்டிக்கை நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தொடச்சிட்டு மறுபடி வுட்டு எடுத்தாத்தான் அளவு. துணி வோணும்" என்றார்.

தலையில் அவருடைய துண்டு இருந்தது. அதை அவிழ்க்கப் போனார். நான் விடவில்லை. எங்கள் ஆட்கள் இவர்கள் தெருவில் நடக்கும்போது தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று இருந்தது. என் மாமனார் சாகும்வரை அப்படித்தான் நடந்தார். நான் கையை நீட்டி, கோதண்டபாணியின் தோளில் கிடந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை உருவினேன். அவர் பிடிக்கப் பார்த்தார். "குடுங்க சம்பந்தி, அளவு பாக்கட்டும்" என்றார் தர்மன். பெண் கொடுக்கிறவர் என்ன செய்வார்? விட்டுவிட்டார்.

இவர் வெண்பட்டில் துடைத்தார். ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு இழுத்தது. கம்பியை உள்ளே விட்டார், எடுத்தார், வெயிலில் பிடித்தார். மேல்கோட்டில் எண்ணெய் நின்றது.

"அளவு சரியா இருக்குது. ஒரு சொட்டு கொறையல" என்றார். பிறகு கீழே கிடந்த மாலையைப் பார்த்தார். "முன்னால மூடி வெச்சி மெதுவா ஊர வுட்டாங்க. சுட்டுப்போச்சி. அன்னிக்கும் இதேதான்."

தர்மன் கோதண்டபாணியைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கி எவனோ ஒருத்தனக் கட்டிவெச்சி எண்ணெ ஊத்தினேன்னு சொல்வீங்களே, அது இவரா?"

கோதண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். "அவன்... எடுக்கல" என்று எனக்கு மட்டும் கேட்டது.

"அவருக்கு வலது காது கேக்காதுங்க மொதலாளி" என்றேன். "நீங்க ஊத்தின எண்ணெதான். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என் முகம் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சின்னப்பையன் எண்ணெய எடுக்கல. திருடல. எண்ணெ சூட்டுல கறுத்துது. பொடவைய முன்னால கட்டச் சொன்னது நான்தான்" என்று கத்தினார். தெருக்கோடி வரை கேட்டது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கும், சோடாக்காரருக்கும், வாயைப் பிளந்து நின்ற மேளக்காரர்களுக்கும் கேட்டது. என் உடம்பில் ஐந்து வருஷமாக எரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் குளிர்ந்தது. நல்லவள் என்றால் அழுதிருப்பாள். நான் வயிறாரச் சிரித்தேன்.

மாப்பிள்ளை இறங்கினார். "எம் புள்ளைக்குக் கால் இருக்குது, நடப்பான்" என்றார் தர்மன். மேளம் மறுபடி கிளம்பியது. மணப்பெண்ணை நினைத்து எனக்கு வருத்தம் உண்டு. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று கேட்டு நிம்மதிப்பட்டேன். அவளுடைய அப்பா வெறும் தோளோடு சத்திரம்வரை நடந்தார் என்று கேட்டு அதைவிட நிம்மதிப்பட்டேன்.

கூட்டம் கலைந்தபோது அப்பாதுரை அண்ணன் கீழே கிடந்த என் மாலையைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"முன்னால எதுவும் கட்டக்கூடாதுன்னு தணிகாசலத்துக்குச் சொல்லச் சொன்னேனே. சொன்னியா?"

"சொல்லலண்ணா."

"சீல் இல்லேன்னா இன்னிக்கு எந்தலையில ஊத்தியிருப்பான். யோசிச்சியா?"

"சீலு இருந்துதேண்ணா."

மாலையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "பொய் சொல்ற ஆளு எனக்கு வோணாம். நாளையிலேர்ந்து ஷெட்டுக்கு வராத" என்றார். சரி என்றேன். அவர் சொன்னதில் தப்பில்லை. நாலு அடி போய்விட்டு நின்றார்.

"அவர அனுப்பு. காலீல எட்டு மணிக்கு வரணும்."

இவர் இன்னும் அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றார். எஞ்சினை நிறுத்திவிட்டு, பானட்டைத் திறந்தபடி காற்றுப்பட விட்டிருந்தார். எண்ணெய் ஒட்டிய விரலை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. வலப்பக்கம் நின்று சொல்லியிருக்கிறேன். சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் மறுபடியும் சொன்னேன்.